பதினொரு நாற்காலி

மேலே இருபது அறைகள்.
பதினாறு பூட்டியே கிடக்கின்றன.
இருபது அறை இருந்தால்தான் பார் உரிமம் என்றார்கள்.
அதனால் கீழே பதினொரு பேர் குடிக்க
மாடியில் இருபது தலையணைக்கு
மாதாமாதம் உறை துவைக்கிறேன்.

போர்டு கிடையாது. கதவுக்கு மேல்
ஒரு பச்சை பல்பு, அவ்வளவுதான்.
வழி கேட்டு போன் செய்பவர்களிடம்
கல்மண்டபம் வந்து ஐஸ் பேக்டரி தாண்டி
கருவாட்டு வாசம் குறைகிற இடத்தில்
இடது பக்கம் என்பேன்.
"ராயபுரமா? அவ்ளோ தூரமா?"
பாதிப் பேர் கிண்டியிலேயே மனம் மாறிவிடுவார்கள்.

விடியற்காலை நாலரைக்கு
வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் போகிற பனிக்கட்டிக்கு முன்னால்
எனக்கென்று ஒரு கேன் வடிகட்டிய தண்ணீரைத்
தனியாக உறைய வைப்பார் பாலகோட்டையா.
மீன் வாசம் அடித்தால் காசு வேண்டாம் என்பது பேச்சு.
இரண்டு வருடத்தில் ஒரே முறை அடித்தது.
அன்று 'துறைமுகம்' என்று பேர் வைத்து விற்றேன்.
நன்றாகவே போனது.

கிடங்கில் கொடுப்பதுதான் சரக்கு.
வெர்மூத் கேட்டதற்குக் குமாஸ்தா
"அது எதுக்கான மாத்திரைம்மா?" என்றார்.
ஒயினில் நிலவேம்பும் சுக்கும்
ஆரஞ்சுத் தோலும் போட்டு
நானே ஊற வைத்தேன்.
டெங்கு வந்து போன தெருக்காரர்களுக்குக்
கசப்பை அறிமுகம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

ஆழ்வார்பேட்டைக்காரர்கள் மூன்று முறை வந்தார்கள்.
முதல் முறை குடித்தார்கள்.
இரண்டாம் முறை போட்டோ எடுத்தார்கள்.
மூன்றாம் முறை ரீகனை எடுத்துக்கொண்டு போனார்கள்.
சம்பளம் இரண்டரை மடங்கு, போக வர வண்டி.
நானா இருந்தாலும் போவேன்டா என்றுதான் அனுப்பினேன்.
அன்றிரவு எலுமிச்சையோடு
விரலையும் நறுக்கிக்கொண்டேன்.

அவன் கண்டுபிடித்தது 'கேட் நம்பர் ஒண்ணு'.
பிராந்தி, இடித்த நெல்லிக்காய்,
கிளாஸ் விளிம்பில் நெத்திலிப் பொடி கலந்த உப்பு.
அங்கே அதற்கு வேறு பேராம்.
கண்ணாடிக் கூண்டுக்குள் புகை.
ஆயிரத்து நூறு ரூபாய்.
நெத்திலி இல்லை.

போன செவ்வாய், சாக்கடை படியேறும் மழை.
கிரேன் ஓட்டும் சம்பந்தம் ஒரு ரம்மோடு கிளம்பிவிட்டார்.
கண்டெய்னர் மாட்டிக்கொண்ட நாளில் மட்டும் வருகிற
ஜம்புலிங்கம் மூலையில் போனைத் திட்டிக்கொண்டிருந்தார்.
நனைந்துகொண்டு வந்தான் ரீகன்.
முன்பு அவன் நின்ற பக்கத்தை ஒரு தரம் பார்த்தான்.
பதினொன்றாம் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை,
தெரிந்தே அதில் உட்கார்ந்தான்.

"இன்னா வேணும்?"
"கேட் நம்பர் ஒண்ணு."

குலுக்கினேன்.
மாவு சலிக்கிற மாதிரி குலுக்குறக்கா என்று
முன்பு அவனே சொல்வான்.
ஒரு மிடறு. விளிம்பில் நாக்கு வைத்தான்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நெல்லி ஜாஸ்தியாக்கீதுக்கா."
"வெலை கொறஞ்சிருக்கு."

அதற்கு ஏன் அவ்வளவு சிரித்தான் தெரியவில்லை.
நானும் சிரித்தேன்.
ஜம்புலிங்கம் போனை மூடிக்கொண்டு முறைத்தார்.

பில் நானூற்று இருபது. குறைக்கவில்லை.
இந்த மழையில் வேளச்சேரி போக முடியாது,
ரூம் இருக்கா என்றான்.
ஏழாம் நம்பர், அறுநூறு.
அதையும் எண்ணி வைத்தான்.

பதினொரு மணிக்கு ஷட்டர்.
கலால் நோட்டில் எழுதினேன்:
பிராந்தி, அறுபது மில்லி.
நெல்லிக்கும் நெத்திலிக்கும்
அதில் கட்டம் கிடையாது.

பாலகோட்டையா கேன் இறக்கும் சத்தத்தில் எழுந்தபோது
சாவி கல்லாமேல் இருந்தது.
ஏழாம் நம்பர் உறையை உருவித்
துணி வாளியில் போட்டேன்.
இந்த மாதம் அதற்கு ஒரு காரணம் இருந்தது.